ஒரு கூரையும் ஒரு வகுப்பும்

பல இனத்தார், பல மொழியினர், செல்வர், வறியோர் ஆகிய எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அரசினர் பாடசாலையிற் பயிலும்போது, அப்பாடசாலை சிறப்புற நடத்தற்கு வேண்டுவது யாது? அவர்களை ஒரு கூரையின்கீழ் இருத்திவிட்டாற் போதும் என்பர் சிலர். அது போதாது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் நன்கு காட்டுகின்றது.

வெள்ளையர்க்கு ஒரு பாடசாலை, கறுப்பினத்தவர்க்கு வேறொரு பாடசாலை எனப் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு மாறானதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், ஹாவாட் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் கோடன் ஒல்போட், இனக் காழ்ப்புக் குறைதற்கு வேண்டுவன இவையெனத் தம் நூலில் விளக்கினார்: கூடுவோர் ஒத்த நிலையினராய்க் கூடல், பொதுக் குறிக்கோள் ஒன்று இருத்தல், அதன்பொருட்டு ஒத்துழைத்தல், மேலோர் அதனை ஆதரித்தல். நீதிமன்றம் தந்தது கூரை. ஏனையவற்றைப் பாடசாலையே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1971இல், ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக்க வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒருங்கு சேர்க்கப்பட்டபோது சச்சரவு மூண்டது. உளநூலறிஞர் எலியற் அறன்சன் வகுப்புகளைச் சென்று பார்த்தார். ஆசிரியர் வினவுவார், பல கைகள் உயரும், ஒருவன் பிழைபட விடையிறுத்தால் ஏனையோர் மகிழ்வர். வீட்டிலே வேறு மொழி பேசும் பிள்ளை இப்போட்டியில் வாய் திறவாதிருப்பான்.

அறன்சன் பாடத்தையே பிரித்தார். ஐவர் அறுவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவர்க்கும் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே கொடுக்கப்பட்டது. ஒரே பகுதியைப் பெற்றோர் முதலிற் கூடி அதனைத் தெளிந்தனர். பின்னர்த் தத்தம் குழுவுக்கு மீண்டு, ஏனையோர்க்குக் கற்பித்தனர். துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் விளையாட்டைப் போன்று, ஒரு துண்டு குறைந்தாலும் பாடம் நிறைவுறாது. மெக்சிக்க வழிச் சிறுவன் ஒருவன் ஆங்கிலத்தில் தடுமாறியபோது குழுவினர் முதலில் எள்ளினர். பரீட்சை வருகிறது, இவன் அறிந்ததை நீங்களும் அறிதல் வேண்டும் என நினைவூட்டப்பட்டதும், அவன் வாயிலிருந்து செய்தியைப் பெறுதற்கேற்ற நல்ல வினாக்களைக் கேட்கக் கற்றனர். இம்முறையிற் பயின்ற சிறுபான்மைப் பிள்ளைகளின் பரீட்சைப் பேறு உயர்ந்தது. வெள்ளையர் பிள்ளைகளின் பேறு தாழவில்லை. ஒருவரையொருவர் விரும்புதலும் மிகுந்தது.

இதற்கு நேர்மாறாகச் செயற்படுவது தரம் பிரித்தல். பதினொரு, பன்னிரண்டு வயதில், இடைநிலை வகுப்பிற் புகும்போதே, கெட்டிக்காரர் இவர், மந்தர் இவர் எனப் பிரிப்பது பல நாடுகளில் வழக்கம். ஜீனி ஓக்ஸ் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் 25 இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து, 1985இல் நூலொன்று வெளியிட்டார். தாழ்ந்த பிரிவுகளில் வறியோரும் சிறுபான்மையினரும் அளவுக்கு மிஞ்சி இருந்தனர். அவர்கட்குச் சிந்தனையை வளர்க்கும் பாடங்கள் குறைவாகவும், மனனமும் பயிற்சிக் கணக்குமே மிகுதியாகவும் கிடைத்தன. வெளிவாயில் ஒன்றாயிருந்தும் உள்வாயில்கள் வெவ்வேறாயின.

குழுவாக இருத்தினால் எல்லாம் நலமாகும் என்பதன்று. பகுதிகளைச் செவ்வனே வகுக்காவிடினும், ஒருவன் தன் பகுதியைப் பிழையாகக் கற்பித்ததைக் கவனியாது விடினும் குழு முழுவதும் நட்டமடையும். ஆதலின் இம்முறையில் ஆசிரியரின் உழைப்புக் குறைவதில்லை, மிகுகின்றது.

கட்டடத்தையும் சித்தியெய்தினோர் தொகையையும் பார்த்துப் பாடசாலையை மதிப்பிடுதல் நம் வழக்கம். இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்கள் வேறோர் அளவையையும் கொள்வாராக. ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து, ஒரு பாட நேரத்தில் யார் யார் பேசினர், யார் பேச்சை மற்றவர்கள் காத்திருந்து கேட்டனர் என்று குறித்துப் பாருங்கள். எவர் குரலும் வேண்டாததாகாத வகுப்பே பலரும் ஒன்றாய்க் கற்கும் வகுப்பாகும்.