கரி என்றால் இளப்பமா?

நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள், ஒரு சிறுமி மேசையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். விசாரித்தேன். பக்கத்து வரிசைப் பையன் அவளைக் "கரிக்கட்டை" என்று கூப்பிட்டானாம். அப்படிச் சொன்ன பையனும் நிறத்தில் அவளுக்குச் சளைத்தவனல்லன்!

அவனைக் கண்டித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் மறுநாள் திடலில் அதே கதை மீண்டும் தொடங்கியிருக்கும். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்பவள் நான். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்தேன். கரும்பலகையில் பெரிதாக ஒரே ஒரு சொல்லை எழுதினேன்: கரி.

பக்கத்திலேயே 'கறி' என்றும் எழுதி, வேறுபாடு என்ன என்று கேட்டேன். பாதிப் பேர் விழித்தார்கள். "இடையின ரகரம் அடுப்பில் எரியும், வல்லின றகரம் சட்டியில் கொதிக்கும்" என்றேன். வகுப்பு சிரித்தது. மலாய்க்காரர் 'காரி' என்பதும் ஆங்கிலேயர் 'கர்ரி' என்பதும் நம் சட்டியில் கொதிக்கும் கறியிலிருந்து போனவைதான் என்றேன். அழுத சிறுமியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கரிக்கு மலாயில் என்ன?" என்று கேட்டேன். "ஆராங்!" என்று எல்லாரும் கூவினர். ரவாங்குக்கு அருகே உள்ள பத்து ஆராங் ஊரை நம்மில் பலர் அறிவோம். அங்கே 1915 முதல் 1960 வரை மலாயன் கோலியரீஸ் என்ற நிறுவனம் நிலக்கரி தோண்டியது. அந்தக் கரியால் மலாயாவில் ரயில் ஓடியது. 'பத்து' என்றால் கல். நிலக்கரியை மலாய்க்காரர் 'ஆராங் பத்து', அதாவது கல்லான கரி என்கிறார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்துக்குச் சைக்கிளில் துணிமூட்டையோடு ஒரு பாய் வருவார். உருது பேசுபவர். எங்கள் வீட்டு அடுப்பைக் காட்டி, அதற்குக் 'கொய்லா' என்று பெயர் சொல்லிக் கொடுத்தவர் அவரே. உருதில் மரக்கரி 'லக்டீ கா கொய்லா'. நிலக்கரி 'பத்தர் கா கொய்லா', அதாவது கல்லுக் கரி. தமிழில் நாமும் அப்படித்தானே நிலக்கரி என்கிறோம்? மூன்று மொழியிலும் மரக்கரிதான் மூத்தது. பின்னால் வந்த நிலக்கரி அதன் பெயரை வாங்கிக்கொண்டது.

ஆங்கிலத்தில் மட்டும் கதை தலைகீழ். 'கோல்' என்றால் முன்பு தணலும் மரக்கரியுமே. கப்பலில் லண்டனுக்கு வந்த நிலக்கரியைக் 'கடல் கோல்' என்றார்கள். நாளடைவில் வந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான். 'கோல்' அவன் பெயராயிற்று. மூத்தவனுக்குச் 'சார்கோல்' என்ற பெயர் நிலைத்தது. 'கோலியர்' என்ற சொல்லும் முதலில் மரக்கரி சுடுபவரைக் குறித்ததுதான்.

மூத்தவன் சாதாரணமானவனுமல்லன். பேராக், கோல செப்பெத்தாங்கில் அலையாத்தி மரங்களைப் பெரிய சூளைகளில் மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழிலை நேரில் கண்டவர்கள் உண்டு. பிறையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, ரப்பர் மரக்கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. பால் வற்றி வெட்டப்பட்ட மரமும் கரியாகி இரும்பைத் தந்தது!

அப்போது அந்தப் பையன் எழுந்தான். "ஆனா டீச்சர், முகத்துல கரி பூசிட்டான்னு சொல்றாங்களே?" என்றான். நல்ல கேள்வி. மலாயிலும் மானம் போவதை முகத்தில் ஆராங் பூசுவது என்பார்கள். உருதில் முகத்தைக் கறுப்பாக்குவது என்பார்கள். மூன்று மொழியும் ஒன்றையே சொல்கின்றன. "பூசிய கரி கெட்ட செயலால் வந்தது. பிறந்த நிறம் யார் பூசியது?" என்று திருப்பிக் கேட்டேன். பையன் பதில் சொல்லாமல் உட்கார்ந்தான்.

கடைசியாக ஒன்று சொன்னேன். நம் இலக்கியத்தில் 'கரி' என்றால் யானை. திருக்குறளில் 'கரி' என்றால் சாட்சி. அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கரி எளிதில் மக்காது. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். தமிழ்நாட்டுக் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரி, கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. நம் முன்னோரின் காலத்துக்குச் சாட்சி சொன்னது கரித்துண்டுதான்.

வீட்டில் பெரியவர்களிடம் கரியைப் பற்றிக் கேட்டு வரும்படி சொல்லி அனுப்பினேன். மறுநாள் அந்தச் சிறுமி ஒரு கனமான பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். உள்ளே, மூடியில் சேவல் வைத்த பழைய பித்தளை இஸ்திரிப் பெட்டி! அவள் பாட்டி அதில் கரித்தணலைப் போட்டு, கிராணிமார் வீட்டுத் துணிகளைத் தேய்த்தாராம். அந்தக் கூலியில்தான் மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிப் புத்தகம் வாங்கினாராம். சொல்லும்போது அவள் குரல் தடுமாறவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பையன்தான் முதலில் நின்றான். "நான் தூக்கிப் பார்க்கட்டுமா?" என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டான்.

பெற்றோர்களே, இந்தச் சொல்லைப் பிள்ளைகள் பள்ளியில் கற்பதில்லை. பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்தில்தான் கற்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறோம், "பிள்ளை கறுப்போ?" என்பதுதான் முதல் கேள்வி. விளையாட்டாகச் சொல்கிறோம். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை மேசையில் முகம் புதைப்பது விளையாட்டல்ல. இனி அந்தச் சொல் நாவில் வரும்போது, அந்தப் பாட்டியின் இஸ்திரிப் பெட்டியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.