வண்ணம் புடைத்தெழும் ஓவியம்

ஓவியம் என்பது தட்டையான பரப்பின்மேல் ஓர் உருவத்தைத் தோற்றுவிப்பதே என்பது நம்மிற் பெரும்பாலார் கொண்ட எண்ணம். மரமோ மனிதரோ அதில் தெரிதல் வேண்டும். தெரியாவிடின் அஃது ஓவியமன்று எனத் தள்ளிவிடுகின்றோம். உருவங்களை விலக்கிய அரூப ஓவியத்தை நூலிலுள்ள சிறு படத்தில் மட்டும் கண்ட எம் மாணவர், "இது வெறும் வண்ணக் கறையன்றோ?" என வினவுகின்றனர். அவ்வினா நியாயமானதே. அதற்குரிய விடையின் ஒரு பகுதி வண்ணத்தின் நிறத்திலன்று, அதன் தடிப்பிலே உள்ளது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சிற்ப நூலார் சித்திரத்தை மூன்றாக வகுத்தனர். எப்பக்கமும் காணுமாறு முழுவடிவாய் அமைவது சித்திரம். சுவரோடு ஒட்டிப் பாதி வடிவாய்ப் புடைத்து நிற்பது அர்த்த சித்திரம். வண்ணத்தால் எழுதப்படுவது சித்திராபாசம். ஈண்டு ஆபாசம் என்பது இக்காலத்தார் வழங்கும் இழிபொருளில் வந்ததன்று. 'வடிவுபோலத் தோன்றுவது' என்பதே பொருள். ஆகவே ஓவியமும் சிற்பமும் ஒரு குடிப்பிறந்தன என்பது நமக்குப் புதிதன்று. பின்னிரண்டு வகைக்கும் இடைப்பட்டதாய், வண்ணமே மேடாகவும் பள்ளமாகவும் எழுந்து நிற்கும் ஓவியம் ஒன்றுண்டு. தமிழரிடையே அதற்குச் சிறந்த சான்று ஓவியர் கே. எம். ஆதிமூலம்.

ஆதிமூலம் 1938இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூரை அடுத்த கீராம்பூரிற் பிறந்தவர், சென்னை அரசினர் ஓவியக் கல்லூரியில் பயின்று 1966இல் வெளிவந்தவர், 2008இல் மறைந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஐ ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த படங்களும் தமிழ் வாசகர் பலர் அறிந்தவை. மெல்லிய கோட்டிலே பேர் பெற்ற அக்கை, 1980களில் பெரிய சீலைகளில் தைலவண்ணத்தைக் கத்தியால் தடிப்பாகப் பூசத் தொடங்கியது. அவ்வோவியங்களில் ஆளில்லை, மரமில்லை. நீலமும் சிவப்பும் மஞ்சளும் பரந்து கிடக்கின்றன. எனினும் நிலமும் நீரும் வானும் நம் நினைவில் எழுகின்றன.

இது கைகூடுவது எவ்வாறு? முதற் காரணம் பொருளின் இயல்பு. பள்ளியில் நாம் வழங்கும் நீர்வண்ணம், நீர் ஆவியாகிப் போனதும் மெல்லிய படலமாய்ப் படிந்துவிடும். தைலவண்ணத்திற் சேரும் ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகுகின்றது. ஆதலின் பூசிய மேடு தாழாது, பூசியவாறே நிற்கும். மேலே தோல் கட்டியபின்னும் உள்ளே ஈரம் நெடுங்காலம் இருக்கும். மிகத் தடித்த பூச்சு முற்றும் இறுக ஆண்டுகள் பல செல்லலாம். எண்ணெய் குறைந்த பூச்சின்மேல் எண்ணெய் மிகுந்ததைப் பூசுக என்பது தொழில் விதி. மாறிச் செய்யின் மேற்பரப்பு வெடிக்கும்.

இரண்டாவது காரணம் கருவி. ஓவியரின் கத்தி வெட்டுவதற்கன்று. மேசன்மார் சாந்து பூசும் கரண்டி போன்றது. அதன் தட்டைப் பக்கம் வண்ணத்தை வழித்துச் சமமாக்கும், விளிம்பு வரம்பெழுப்பும். உலர்ந்த பூச்சின்மேல் இலேசாக இழுத்தால் அடிவண்ணம் இடையிடையே எட்டிப் பார்க்கும். லயத்து வாசலைச் சாணத்தால் மெழுகிய தாயின் விரல்கள் வளைவு வளைவாய்த் தடம் விடுவதை நாம் அறிவோம். அத்தடம் ஒன்றன் படமன்று. கை சென்ற வழியே அது. கத்தியின் தடமும் அத்தகையதே.

மூன்றாவது காரணம் ஒளி. பதுளையிலிருந்து பசறை வீதி வழியே நண்பகலிற் செல்வோர்க்குத் தேயிலைச் சரிவு ஒரே பச்சைப் போர்வையாகத் தோன்றும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது, ஒவ்வொரு நிரையும் தன் நிழலோடு பிரிந்து நிற்கும். கான்களும் பாதைகளும் வரிவரியாய்த் தெளியும். மலை மாறவில்லை, ஒளி வந்த திசையே மாறிற்று. தடித்த வண்ணமும் அவ்வாறே, நிறத்தோடு தன் நிழலையும் தானே ஈன்றுகொள்கின்றது.

இவ்வுத்தி மேனாட்டிலும் பழையது. 17ஆம் நூற்றாண்டில் றெம்பிராண்ட் பொன்னாடையின் மினுக்கத்தை வண்ண மேடுகளாற் காட்டினார். 1955இல் மறைந்த நிக்கொலா த ஸ்தாயெல், வண்ணப் பாளங்களை அடுக்கி அரூபச் சித்திரங்கள் செய்தார். முன்னவர்க்குத் தடிப்பு ஆடையைக் காட்டும் வழி. பின்னவர்க்கும் ஆதிமூலத்துக்கும் தடிப்பே காட்சி.

இதனால் விளங்குவது யாது? அச்சுப்படம் இக்கலைக்குச் சான்றாகாது. பளபளப்பு விழாதிருக்க இருபுறமும் ஒளி அமைத்துப் படம் பிடிப்பர். அவ்வொளியில் மேடுபள்ளத்தின் நிழல் அழிந்துபோகும். எஞ்சுவது கறையே. தோட்டத்துப் பிள்ளை அக்கறையைக் கண்டு, "இக்கலை எமக்குரியதன்று" என்று விலகுமாயின், குறை பிள்ளையினதன்று. மூலத்தைக் காட்டாத நம்மதே.

விலையுயர்ந்த வண்ணம் இல்லாத மாணவரும் இதனைச் சோதித்தறியலாம். வெண்கட்டித் தூளைப் பசையிற் குழைத்து, அட்டையில் தடிப்பாகப் பூசி, மூங்கிற் சீவலால் வரிந்து உலரவிடுக. பின்பு யன்னலோரம் சாய்த்துப் பிடித்து, ஒளியின் திசைக்கேற்பத் திருப்பிப் பார்க்க. ஒரே வெண்மை பல நிறமாய்ப் பேசக் காண்பீர்.

பழைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. 1943இல் தோன்றிய 'நாற்பத்து மூன்று குழு' ஓவியரின் மூல ஓவியங்கள் கொழும்பு சபுமல் நிறுவனத்தில் உள்ளன. ஆண்டுக்கொரு முறையேனும் சித்திரம் பயிலும் மாணவரை அங்கே அழைத்துச் செல்ல உதவுவீராக. சாய்ந்த ஒளியில் மலையைக் கண்டு வளர்ந்த கண்கள் அவை; ஓவியத்தின் முன் நிற்க ஒரு வாய்ப்பே அவற்றுக்கு வேண்டுவது.