மலிவு சார்ஜரும் கடைக்காரர் பொறுப்பும்

சந்தை நாளில் நம் அவலூர்பேட்டைக் கடைவீதிக்கு மடிக்கணினி சார்ஜர் கேட்டு வருவோர் உண்டு. 2011-இல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு இந்தச் சரக்கு சிற்றூர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. கம்பெனி சார்ஜர் விலை கட்டுப்படியாகாது என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்க, நாமும் மலிவுச் சரக்கைக் கொள்முதல் செய்கிறோம்.

பின் பொருந்தினால் போதாது. பல மடிக்கணினிகளுக்குத் தேவை 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட். மலிவுச் சார்ஜரின் லேபிளிலும் 65 என்றுதான் இருக்கும். உள்ளே உள்ள பாகங்கள் அதைத் தாங்காமல் சூடேறும். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 230 வோல்ட் பக்கத்தையும் 19 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு சரியில்லாவிட்டால், வீட்டு மின்சாரம் கணினிக்கும் அதைத் தொடும் கைக்கும் பாயலாம். மதர்போர்டு போவது ஒருபுறம். பிள்ளைகள் அதை மடியில் வைத்தல்லவா படிக்கிறார்கள்! 'சி' டைப் கேபிளும் அப்படித்தான். 3 ஆம்பியருக்கு மேல் செல்ல வேண்டுமானால் அதற்குரிய சிப் கேபிளுக்குள் இருக்க வேண்டும்.

நமக்கு இதில் சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர்மீதே பொறுப்பு விழும். எனவே சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பில் கேட்போம். சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்ப்போம். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். வராத சரக்கை மொத்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.