சொல்லத் தயங்கும் தொல்லை

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். "உட்காரேன்மா" என்றேன். "பரவாயில்லை மாமி, நிக்கறேன்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. தனியே அழைத்துக் கேட்டதும் கண் கலங்கினாள். "யார்கிட்டே மாமி சொல்றது? அம்மா ஊர்லே இருக்கா. டாக்டர்கிட்டே இந்தியிலே எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை."

அவளுக்கு இருந்தது மூலம். கர்ப்பிணிகள் பலருக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், வரும் தொல்லைதான் இது. ஆனால் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தில்லியில் 31 ஆண்டுகள் நர்ஸாகப் பணிபுரிந்தவள் நான். 1993-இல் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது எனக்கும் இது வந்தது. உடன் வேலை பார்ப்பவர்களிடம் காட்டிக்கொள்ளக் கூச்சம். இரும்புச் சத்து மாத்திரையால்தான் மலம் இறுகுகிறது என்று நானே முடிவு செய்து, அதை நிறுத்திவிட்டேன். மாத்திரையும் இல்லை, இரத்தமும் போய்க்கொண்டிருந்தது. எட்டாம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.5 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. "நர்ஸாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா?" என்று டாக்டர் கேட்டபோது தலை குனிந்தேன்.

ஏன் வருகிறது?

ஆசனவாயின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த, மெத்தை போன்ற திசுக்கள் எல்லோருக்கும் உண்டு. அவை வீங்கிப் பெருப்பதுதான் மூலம். கர்ப்ப காலத்தில் இதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. வளரும் கருப்பை இடுப்புப் பகுதி இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. உடலில் இரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் வேகத்தைக் குறைப்பதால் மலச்சிக்கல் வருகிறது. முக்கும்போது வீக்கம் இன்னும் அதிகமாகிறது.

தில்லிக் குளிர் நான்காவது காரணம். தாகமே எடுக்காததால் தண்ணீர் குடிப்பது குறைந்துவிடுகிறது. காலையில் பிரெட், மாலையில் மைதா பிஸ்கட் என்றால் குடல் என்ன செய்யும்?

வீட்டில் செய்யக்கூடியவை

நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குளிர் காலத்தில் வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். இங்கே அப்போதுதான் பாலக், முள்ளங்கி, காரட், கொய்யா எல்லாம் மலிவு. கோதுமை மாவைச் சலித்துத் தவிட்டை எறியாதீர்கள். ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ வாரத்தில் சில நாட்கள் இருக்கட்டும். இசப்கோல் எடுப்பதானால் டாக்டரிடம் கேட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் எடுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

மலம் வரும் உணர்வு வந்தால் அடக்காதீர்கள். முக்காதீர்கள். மேல்நாட்டுக் கழிப்பறையானால் காலடியில் சிறு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு, அகலமான பிளாஸ்டிக் டப்பில் பொறுக்கும் சூட்டில் நீர் விட்டு, தினம் இரண்டு மூன்று முறை 10 முதல் 15 நிமிடம் அமர்வது நல்ல சுகம் தரும். படுக்கும்போது இடப்புறம் ஒருக்களித்துப் படுங்கள்.

செய்யக் கூடாதவை

இரும்புச் சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அரசுத் திட்டத்தில் நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாட்கள் கொடுப்பது காரணமில்லாமல் அல்ல. ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வகை மாத்திரையோ, மலம் இளக்கும் பாதுகாப்பான மருந்தோ டாக்டர் தருவார். காபி, டீயோடு மாத்திரை போட்டால் சத்து சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளையில் போடுங்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் போனில் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். அது கருப்பையைச் சுருங்கச் செய்து வலியைக் கிளப்பிவிடலாம். கருணைக்கிழங்கைக் கறியாகச் சாப்பிடுவதில் தவறில்லை. என்ன கலந்தது என்று தெரியாத லேகியமும் களிம்பும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இங்கே ரயில் பாதையோரச் சுவர்களில் 'பவாசீர்' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலத்துக்கு இந்தியில் அதுதான் பெயர். அந்தச் சுவரிலிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வைத்தியத்தை விட்டுவிடுங்கள். மலச்சிக்கல் 'கப்ஸ்'. இரத்தம் 'கூன்', நம் ஊர்க் கூன் அல்ல! இந்த மூன்று சொற்கள் போதும், டாக்டர் புரிந்துகொள்வார்.

எப்போது ஓட வேண்டும்?

இரத்தம் அடிக்கடியோ அதிகமாகவோ போனால், தலை சுற்றினால், ஆசனவாயில் நீலம் பாரித்த கட்டியும் தாங்க முடியாத வலியும் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். இரத்தம் ஆசனவாயிலிருந்தா, பிறப்புறுப்பிலிருந்தா என்று சிறிது சந்தேகம் வந்தாலும் இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூலம்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

பெரும்பாலோருக்குப் பிரசவமாகிச் சில வாரங்களில் வீக்கம் தானே வடிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்துவிடுகிறோம். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. தாயும் மாமியாரும் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும்போது, மனைவி வாய் திறந்து சொல்ல உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? நீங்களே கேளுங்கள். இந்தி தெரிந்தால் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுடன் மறுநாளே நானும் டாக்டரிடம் போனேன். பத்து நிமிட வேலை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள், நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.