ஒற்றையடிப் பாதையில் இரண்டு சக்கரம்

ஆரணியில் நெசவாளர் தெருவுக்குள் காலை வேளையில் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டியிருப்பார்கள். ஓரத்தில் மிஞ்சுவது இரண்டு முழம். இந்தப் பக்கம் பாவு, அந்தப் பக்கம் சாக்கடை. பாவில் சக்கரம் பட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போயிற்று! அந்த இடத்தில் மட்டும் கை நடுங்குவது ஏன்? அகலமான சாலையிலும் உங்கள் டயர் தரையைத் தொடுவது ஒன்றிரண்டு விரல் அகலத்தில்தானே?

ஈரத் தரையைக் கடந்த சைக்கிளின் தடத்தைப் பாருங்கள். அது நேர்கோடல்ல, பாம்பு ஊர்ந்ததுபோல் நெளிந்திருக்கும். உங்கள் உடலும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் இடப்பக்கம் சாயும்போதெல்லாம், சக்கரங்களை இடப்பக்கமாக ஓட்டி அதன் கீழே கொண்டுவருகிறீர்கள். இப்படி விழுவதும் நிமிர்வதுமாகப் போவதைத்தான் 'நேராகப் போகிறேன்' என்கிறோம். மெதுவாகப் போனால் நெளிவு இன்னும் அதிகம். பயந்து வேகத்தை மிகவும் குறைப்பவர் பாதையை விட்டு விலகுவது இதனால்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இடப்பக்கம் திரும்ப, முதலில் ஹேண்டில்பாரை வலப்பக்கம் சிறிது திருப்ப வேண்டும்! நம்ப முடியவில்லையா? காலி மைதானத்தில் மிதமான வேகத்தில் போகும்போது இடக் கைப்பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளுங்கள். முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் ஓடும். வண்டி இடப்பக்கம் சாயும். பிறகு இடப்பக்கமே வளைந்து போகும். விமானம் கண்ட வில்பர் ரைட் சைக்கிள் தொழில் செய்தவர். பலரிடம் 'எப்படித் திரும்புகிறீர்கள்?' என்று கேட்டும், முதல் தடவையில் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லையாம்.

இனி மேற்கே ஜவ்வாது மலையில் ஓர் ஒற்றையடிப் பாதையை மனத்தில் கொள்ளுங்கள். வலப்பக்கம் பள்ளம். டயர் விளிம்பை ஒட்டி வந்துவிட்டது. விலக வேண்டுமானால், சக்கரம் முதலில் பள்ளத்தை நோக்கி அல்லவா நகர வேண்டும்? அதற்கு இடமில்லையே! பழகிய ஓட்டுநர்கள் விளிம்புக்கு வரும் முன்பே விலகிக்கொள்கிறார்கள். அந்த நிலை வந்துவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே அறிவுடைமை.

இறக்கத்தில் பிரேக்கின் பாடு தனி. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் 1976 அக்டோபர் 21 அன்று, பழைய சைக்கிள்களில் ஒரு மலை இறக்கப் போட்டி நடத்தினார்கள். மலை சைக்கிள் பிறந்த கதையில் பெரும் பங்கு இதற்கு உண்டு. இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். ஓட்டுநரும் வண்டியும் 75 கிலோ என்றால், இழக்கும் நிலையாற்றல் 75 × 9.8 × 400 = 2,94,000 ஜூல். 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் ஒரு பகுதி பின்சக்கர அச்சுக்குள் இருந்த சிறிய பிரேக்கில் வெப்பமாக இறங்கியது. கிரீஸ் புகைந்தே போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் நிலைத்தது. 'மறுபடி திணி' என்று பொருள்.

நீங்கள் ஏதாவது ஒரு மலைச்சாலையில் இறங்கினால் நடுவில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். முன்பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காதீர்கள், பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். நின்றதும் ரிம் எவ்வளவு சுடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் தெரிந்துவிடும்.