தோற்றாலும் புள்ளி ஏறும் கணக்கு

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி முதல் வங்கக் கடற்கரை வரை, கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 26 லட்சம். கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில் இருப்பவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஜமைக்காவின் பெண்கள் கால்பந்து அணி 2019, 2023 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிவிட்டது. 2019இல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2023இல் பிரான்ஸுடன் 0-0, பிரேசிலுடன் 0-0, பனாமாவை 1-0 என்று வென்று, பிரேசிலை ஊருக்கு அனுப்பிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனது.

கோலே விழாத ஆட்டத்துக்கு என்ன மதிப்பு? பெண்கள் அணிகளைத் தரவரிசைப்படுத்த ஃபிஃபா 2003இல் கொண்டுவந்த முறை, சதுரங்க வீரர்களை அளக்கும் ஈலோ கணக்கை ஒட்டியது. ஆட்டத்துக்கு முன்பே ‘இந்த அணி இவ்வளவு தேறும்’ என்று மதிப்பிட்டு, நடந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் புள்ளியாகத் தரும். இரு அணிகளுக்கும் 400 புள்ளி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். எளிய அணியிடம் எதிர்பார்ப்பது 9 சதவீதம். 0-0 என்று முடிந்தால் அதன் கணக்கில் 47 சதவீதம் விழும். உலகக் கோப்பை ஆட்டமென்றால் அந்த வித்தியாசத்தை 60ஆல் பெருக்குவார்கள். சாதாரண நட்பு ஆட்டத்துக்கு வெறும் 15. ஆக, ஒரே ஆட்டத்தில் சுமார் 23 புள்ளி லாபம்.

இன்னும் வேடிக்கை உண்டு. 0-1 என்று தோற்ற அணிக்கும் 15 சதவீதம் கொடுக்கிறது இந்த முறை. எதிர்பார்த்தது 9தானே? தோற்றும் புள்ளி ஏறுகிறது! சொந்த ஊரில் ஆடும் அணியை 100 புள்ளி கூடுதல் பலசாலியாகக் கருதிக்கொள்வதால், வெளியூரில் பெறும் வெற்றிக்கு மவுசு அதிகம்.

இந்தக் கணக்கு மன்னிக்காத ஒன்று, ஆடாமல் இருப்பது. ஆசியப் போட்டியில் 1980லும் 1983லும் இரண்டாமிடம் பிடித்த இந்தியப் பெண்கள் அணி, 18 மாதங்களுக்கு மேல் சர்வதேச ஆட்டமே இல்லாததால் 2009இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம் பெண்கள் தோற்று இறங்கியிருந்தால்கூட மனம் ஆறும்; ஆட விடாமலே பெயரை அடித்துவிட்டார்கள். ஜமைக்காவும் பணமில்லாமல் அணியைக் கலைத்த நாடுதான். 2014இல் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி முன்நின்று நிதி திரட்டி மீட்டெடுத்தார்.

மீண்டு வந்த இந்தியா 2010 முதல் 2019 வரை தெற்காசியக் கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. அந்தக் காலத்து நடுக்கள வீராங்கனைகளில் ஒருவர் கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2018இல் மணிப்பூரை வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாடு, 2023இல் மறுபடியும் வென்றது.

2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று இந்தியா சாய்த்தது. அப்போது தாய்லாந்து 46ஆம் இடம், இந்தியா 70. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் முறை.