பழைய கார் வாங்குமுன்: விலை வேறு, மதிப்பு வேறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை எங்கள் பங்கைச் சார்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் மகிழ்ச்சி பொங்கப் பங்கு இல்லத்திற்கு வந்தார். முதல் நாள் வாங்கிய சிறிய கார் ஒன்றை மந்திரித்துத் தரவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டி. எனினும் கண்ணாடிபோல் மின்னியது. மூத்த மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையிலிருந்து 1,60,000 ரூபாய் எடுத்துக் கொடுத்திருந்தார். "மலிவாகக் கிடைத்துவிட்டது, சாமி" என்று அவர் மனைவி பூரிப்போடு கூறினார்.

நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஐப்பசி மழையில் வண்டிக்குள் நீர் கசிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது தரைத்தகடு துருவேறி ஓட்டையாகியிருந்தது. கிளட்ச் தேய்ந்துவிட்டது, ரேடியேட்டர் ஒழுகியது. பணிமனையில் 70,000 ரூபாய் கேட்டார்கள். வண்டியின் பதிவோ இவருக்கு விற்றவர் பெயரில்கூட இல்லை; அவருக்கு முன்னிருந்தவர் பெயரில் இருந்தது. "நான் மலிவாக வாங்கினேனா, சாமி?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை.

அதன்பின், நீண்ட காலமாகப் பணிமனை நடத்திவரும் மெக்கானிக் ஒருவரிடம் அமர்ந்து, பழைய வண்டியை எப்படி மதிப்பிடுவது எனக் கேட்டறிந்தேன். அவர் கூறியவற்றோடு, சட்டம் பற்றி நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து, வண்டி வாங்க எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையோடு இங்கே தருகிறேன்.

ஆண்டை மட்டும் பார்த்து விலை சொல்லலாமா?

காப்பீட்டு விதிகளில் ஒரு கணக்கு உண்டு. புதிய கார் ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடும், ஓராண்டிற்குள் 15 விழுக்காடும், இரண்டு ஆண்டிற்குள் 20 விழுக்காடும் தேய்மானம் அடைவதாகக் கொள்வர். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது 50 விழுக்காடாகிறது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கோ விதி எந்தத் தொகையும் சொல்வதில்லை. உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்யவேண்டும் என்று விட்டுவிடுகிறது. இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பழைய வண்டியின் மதிப்பை ஆண்டு தீர்மானிப்பதில்லை. அது பேணப்பட்ட விதமே தீர்மானிக்கிறது. ஒரே மாதத்தில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த இரு வண்டிகளுள் ஒன்று இன்னும் பல்லாண்டு உழைக்கும். மற்றொன்று இரும்புக் கடைக்கே ஏற்றதாயிருக்கும்.

முதலில் எந்த வண்டி என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800, 2000 இல் வந்த ஆல்ட்டோ, திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவான சான்ட்ரோ ஆகியவை லட்சக்கணக்கில் விற்றவை. இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் சிற்றூரிலும் இருப்பர். இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்ட நிறுவனங்களின் கார்களும் சந்தைக்கு வருகின்றன. செவ்ரோலே கார்களின் விற்பனை 2017 இறுதியில் நின்றது. ஃபோர்டு நிறுவனம் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 இல் அறிவித்தது. இவை தரம் குறைந்தவை என்பதன்று. எனினும், உதிரிப் பாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுதல் நலம்.

வண்டியே பேசும்

வண்டியைப் பகலில், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டியிலும், அப்போதுதான் கழுவிய வண்டியிலும் பெயின்ட்டின் குறைகள் தெரியா. கதவு, பானெட் ஆகியவற்றின் இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு கதவின் நிறம் அடுத்ததைவிடச் சற்றே மாறுபடுகிறதா? ரப்பர் ஓரங்களில் பெயின்ட் தெறித்திருக்கிறதா? இவையெல்லாம் மோதிச் செப்பனிட்ட வண்டியின் அடையாளங்கள். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகட்டில் அது இறுகப் பற்றும். பட்டி பூசி மறைத்த இடத்தில் பற்றாது. பானெட்டைத் திறந்து, அதன் ஆணிகளில் சாவி பட்ட தழும்பு உண்டா என்றும் நோக்குங்கள்.

துருவே சிறிய கார்களின் பெரும்பகை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், குமரி போன்ற கடலோரப் பகுதிகளில் ஓடிய வண்டிகளில் உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். கால் விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டையும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியையும், கதவின் அடிவிளிம்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எங்கள் குடும்பத் தலைவர் இதை மட்டும் செய்திருந்தாலே தப்பியிருப்பார்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. அத்தகைய வண்டி துடைக்கப்பட்டு வேற்றூரில் விற்பனைக்கு நிற்கக்கூடும். இருக்கை வார் முழுவதையும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தென்படலாம். இருக்கைக்கு அடியிலுள்ள ஆணிகளின் துருவும், உள்ளே அடிக்கும் பூஞ்சை நாற்றமும் உண்மையைச் சொல்லிவிடும். வெள்ளம் புகுந்த வண்டியின் மின்கம்பிகள் என்று பழுதாகும் என எவராலும் சொல்ல இயலாது.

அடுத்து என்ஜின். நீங்கள் வருமுன் அதை ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின்தான் தன் நோயை மறைக்காது. முதல் முயற்சியிலேயே அது இயங்குகிறதா? புகைக்குழாயிலிருந்து நீலப்புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். காலையில் சிறிது நீராவி எழுவது இயல்பே. சூடான பின்னரும் வெண்புகை நில்லாதிருந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என ஐயுறலாம். கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மீறி எரிவதைக் காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் பசையாக இருந்தால் அந்த வண்டியைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியையோ என்ஜின் சூடாயிருக்கும்போது ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கிலோமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பவேண்டா. குடும்ப வண்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கி.மீ. ஓடியது என்று கொண்டால், பன்னிரண்டு ஆண்டில் 1,20,000 ஆகிறது. அதில் 45,000 என்று காட்டினால் காரணம் கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழப்பாகி, ஓட்டுநர் இருக்கை குழிந்திருந்தால் எண் பொய் சொல்கிறது. சர்வீஸ் செய்த ரசீதுகள் வரிசையாக இருந்தால் அதுவே சிறந்த சான்று.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பொத்தான்கள் ஆழமாயிருந்தாலும், டயர் மிகப் பழையதாயின் வெடிப்பு விட்டிருக்கும். ஒருபுறம் மட்டும் தேய்ந்த டயர், சக்கர அமைப்பில் கோளாறு உண்டென்று அறிவிக்கிறது. பின்னர்ச் சமதரையிலும் மேட்டிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கலாகாது, கியர் உறுமலாகாது. இறுதியில் உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து ஒருமுறை காட்டுங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிடில் அதுவும் ஒரு விடைதான்.

உயிரின் மதிப்பு

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்கான காற்றுப் பையும் 2019 இல்தான் கட்டாயமாயின. அதற்கு முன் வந்த சிறிய கார்கள் பலவற்றில் இவ்விரண்டும் இல்லை. 2014 இல் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப் பை இல்லாத ஆல்ட்டோ 800 காரை மோதிச் சோதித்தபோது, பெரியோர் பாதுகாப்பில் அதற்கு ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. ஆகவே, ஒரே விலையில் இரண்டு வண்டிகள் இருந்து, ஒன்றில் காற்றுப் பை இருக்குமாயின், அதன் மதிப்பே மிகுதி. எந்த வண்டியாயினும் இருக்கை வார் அணிவதும், நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைப்பதும் இன்றியமையாதவை.

தாள்களும் வண்டியின் உறுப்புகளே

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, காப்பீடு ஆகிய விவரங்கள் தெரியவரும். கடன் நிலுவை இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 இன்றிப் பணம் கொடாதீர்கள். வெளிமாநில வண்டியாயின், படிவம் 28 இல் தடையின்மைச் சான்று வேண்டும்; இங்கே வரியும் கட்டவேண்டும். வடநாட்டிலிருந்து வரும் வண்டி மலிவாகத் தோன்றுவதற்கு இவ்வரியும் ஒரு காரணம்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகையால் பதிவு எந்த மாதத்தோடு முடிகிறது என்பதை முதலில் பாருங்கள்.

வாங்கியபின் 29, 30 ஆம் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றுவதற்குச் சட்டம் வாங்குபவருக்கு 30 நாள் அளிக்கிறது. விற்பவரும் மாநிலத்திற்குள்ளாயின் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். இது வெறும் சடங்கன்று. பலர் கை மாறியும் பதிவில் பெயர் மாறாதிருந்த ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் உள்ளவரே உரிமையாளர் என 2018 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாயிருப்பவர் வீட்டிற்கு இழப்பீட்டு அறிவிப்பு வரக்கூடும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முந்தியவர் இழப்பீடு கோராததால் பெற்ற சலுகை அவருக்கே உரியது. வண்டியோடு உங்களுக்கு வராது.

கூட்டிப் பாருங்கள்

இனி ஒரு தாளில் கணக்கிடுவோம். எடுத்துக்காட்டாக, ஒருவர் 1,50,000 ரூபாய் கேட்கிறார் எனக் கொள்வோம். நான்கு டயர் 14,000, பேட்டரி 4,500, கிளட்ச் 8,000, சாக் அப்சார்பர் முதலியன 10,000, காப்பீடும் பெயர் மாற்றமும் 6,000, அடுத்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கவும் அதற்கென வண்டியைச் செம்மை செய்யவும் 15,000. ஆக 57,500 ரூபாய். அப்படியானால் அவ்வண்டியின் உண்மை விலை 2,07,500. அதே ரக வண்டி ஒன்று இவ்வேலைகள் யாவும் முடிந்து, ரசீதுகளோடு 1,85,000 ரூபாய்க்கு அடுத்த தெருவில் நிற்குமாயின், எது மலிவு? தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது. இந்தத் தாளை விற்பவரிடம் காட்டியே விலை பேசலாம். சண்டையும் வேண்டா, கெஞ்சலும் வேண்டா. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதலாண்டுச் செலவிற்கென ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்.

அந்தக் குடும்பத் தலைவர் பின்னர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஓட்டையை அடைத்து, பெயரை மாற்றி, இரண்டு ஆண்டு ஓட்டினார். விற்கும் நாள் வந்தபோது தரகர் ஒருவர், "பெயின்ட் அடித்தால் இருபதாயிரம் கூடுதலாகப் பெறலாம்" என்றாராம். அவர் இணங்கவில்லை. தரைத்தகடு ஒட்டுப்போட்டது, கியர் சற்றே இறுக்கம், பின் டயர் இரண்டும் பழையன என்று ஒரு தாளில் எழுதி, வாங்க வந்த இளைஞரின் கையில் கொடுத்தார். விலை குறைந்தது. இளைஞர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிச் சென்றார்.

வாங்குவோர் கூர்ந்து பார்ப்பதும், விற்போர் குறையை ஒளிக்காதிருப்பதும் சேர்ந்தால் இடையில் ஏமாற்றத்திற்கு இடமே இல்லை. நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் வாங்குவோம். இன்னொரு நாள் விற்போம்.